ஏழு சட்ட நேரம்

அந்தக் கடையில் வெட்டுக்காயத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கிற வழக்கம் இல்லை. சட்டத்தால் அளப்பார்கள்.

படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற கடை அது. கண்ணாடி வெட்டுகிறவர் கையில் கீறல் விழாத நாள் என்றால் அது கடை திறக்காத நாளாகத்தான் இருக்கும். கீறல் விழுந்ததும் காகித டேப்பில் ஒரு துண்டு கிழித்து விரலில் சுற்றிக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் தன் பாட்டுக்கு அடுத்த சட்டத்துக்கு மூலை அடிக்கத் தொடங்குவார். நாலு மூலை, மூலைக்கு இரண்டு ஆணி. எட்டு ஆணியும் இறங்குவதற்குள் ரத்தம் நின்றுவிட்டால் அது ஒரு சட்டக் காயம். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இரண்டு சட்டம் ஆனால் “பாத்து வெட்டக் கூடாதா” என்று ஒரு வார்த்தை கிடைக்கும். மூன்று சட்டம் ஆகியும் நிற்கவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தையல் போடக் கிளம்ப வேண்டியதுதான்.

மூலை அடிப்பது அக்கா. கண்ணாடி வெட்டுவது அவள் புருஷன். தெரு முழுவதும் அவளை அக்கா என்றும் அவரை மாஸ்டர் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரை யாராவது சொன்னால் இரண்டு பேருமே பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டரின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனது. நெஞ்சைப் பிளந்து உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அமைதியான அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அது ‘டிக், டிக்’ என்று கேட்கும். “யாரோ உள்ள உக்காந்து சின்ன ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு” என்பாள் அக்கா. அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தினம் ஒரு மாத்திரை, உயிர் இருக்கிற வரைக்கும். மாத்திரையின் வேலை குறைந்தால் ரத்தம் கட்டும், ஆள் போய்விடுவார். வேலை கூடினால் ரத்தம் நிற்காது, அப்போதும் ஆள் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வரப்பு. மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்து, அது கட்டத் தாமதமாவதைக் காட்டும் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாத்திரை தொடங்கிய பிறகு மாஸ்டரின் ஒரு சட்டக் காயங்கள் இரண்டு சட்டமாயின. டாக்டர் சொன்னதும் அதுதான். அக்கா தன் கணக்கை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பிக்கு இயற்கை மேல் பாசம் வந்தது.

அவனுக்குப் பாசம் வருவது புதிதல்ல. காந்தம் வைத்த மெத்தை மேல் வந்திருக்கிறது. தண்ணீரைத் தானாகச் சுத்தம் செய்யும் ஒரு குழாய் மேல் வந்திருக்கிறது. அந்தக் குழாய் இன்னும் அக்கா வீட்டுச் சமையலறையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை பாசம் மூன்று டப்பாக்களில் வந்தது. பச்சை மூடி, மஞ்சள் மூடி, சிவப்பு மூடி. அவன் பார்க்கிற ஆளிடமெல்லாம் “இயற்கை, இயற்கை” என்று சொல்லிச் சொல்லி, தெரு அவனுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது. “இயற்கை வருது, கதவச் சாத்து” என்று எதிர் வரிசைச் சலூன்காரர் சொல்வது அவன் காதிலேயே விழும். அவன் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொண்டான்.

டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கே அக்கா கேட்டாள்.

“டேய், இவரு ஆபரேஷன் பண்ணின ஆளு. அந்த மாத்திரையோட இது ஒத்துக்குமான்னு பாத்தியா?”

“அதெல்லாம் செக் பண்ணிட்டேன் அக்கா.”

“எப்படி?”

“டீம் லீடரக் கேட்டேன்.”

“அவரு டாக்டரா?”

“அவரு அவருக்கு மேல இருக்கற லீடரக் கேட்டாரு.”

“அவரு டாக்டரா?”

“அவரோட மச்சினிச்சி பல் டாக்டர்கிட்ட வேல பாக்கறாங்க.”

அக்காவின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை என்று கண்டதும் போனை எடுத்து லீடரையே கூப்பிட்டான். சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தான். போனுக்குள்ளிருந்து ஒரு கனமான குரல், இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் பேசுவது போலப் பேசியது.

“மேடம், முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. இது மருந்தே இல்ல. உணவு. மருந்துக்கும் மருந்துக்கும்தான் சண்ட வரும். உணவுக்கும் மருந்துக்கும் என்ன சண்ட? நீங்க சாப்பிட்டுட்டு மாத்திர போடறது இல்லையா?”

“போடறோம்.”

“அவ்வளவுதான். ஆனாலும் உங்க திருப்திக்கு, ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டுக் குடுங்க.”

மாத்திரையும் டப்பாவும் வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக் கூடாது என்பதற்காம். ‘எப்படிப் போனாலும் கடைசியில் ரெண்டும் ஒரே ரத்தத்தில்தானே போய்ச் சேருது, அங்க பாத்துக்காதா’ என்று அக்காவுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதற்குள் வாயில் ஆணி ஏறியிருந்தது. மூலை அடிக்கும்போது நாலைந்து ஆணியை உதட்டில் கவ்விக்கொள்வது அவள் பழக்கம். ஆணியைத் துப்பிவிட்டுக் கேட்டிருக்கலாம். தம்பி தன் வீட்டு ஆள். புருஷன் முன்னால் அவனை மட்டந்தட்டினால் அது தன் வீட்டையே மட்டந்தட்டுவதாகும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இந்த நினைப்பால் எத்தனை வீட்டில் எத்தனை காந்த மெத்தை கிடக்கிறதோ.

மாஸ்டருக்கோ அந்தக் கேள்வியே எழவில்லை. ஆபரேஷன் நடந்தபோது ஒன்பது ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவன் இந்த மச்சினன்தான். அந்த ஒன்பது ராத்திரியை மாஸ்டர் வால்வோடு சேர்த்து நெஞ்சில் தைத்து வைத்திருந்தார். மச்சினன் மண்ணைக் கொடுத்தாலும் தண்ணீர் விட்டு முழுங்குவார். பச்சை மூடி காலையில், மஞ்சள் மூடி மத்தியானம், சிவப்பு மூடி படுக்கும் முன்.

டப்பா வந்த பிறகு முதல் சோதனை வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இயற்கை மறுபடி வந்து உட்கார்ந்தான். வரும்போது கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு வந்தான். அது காற்றுக்காலம். தெருவின் புழுதியெல்லாம் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சட்டக்கடைக்குப் புழுதியைவிடப் பெரிய எதிரி கிடையாது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு துளி தூசி போய் உட்கார்ந்துவிட்டால் பின்னால் ஒட்டிய டேப்பைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, முழுச் சட்டத்தையும் பிரித்துத்தான் எடுக்க முடியும். அதனால் கடைக்குள் வருகிற எல்லாரையும் மாஸ்டர் “கதவச் சாத்துங்க” என்றுதான் வரவேற்பார். மச்சினனிடம் மட்டும் சொன்னதில்லை. அவன் திறந்துபோட்ட கதவை அக்கா எழுந்துபோய்ச் சாத்துவாள்.

“மாமா, டாக்டருங்களுக்கு இயற்கை மேல ஒரு பொறாமை. ரத்தத்துல ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே நிறுத்தச் சொல்லிடுவாங்க. அதனால சோதனைக்குப் பத்து நாள் முன்னாடி டப்பாவ நிறுத்திடுங்க. ஒடம்பச் சுத்தமாக் காட்டுவோம்.”

“அதுவும் சரிதான் மாப்ளே.”

“முடிஞ்சதும் ரெண்டு ரெண்டாப் போட்டு விட்டதப் பிடிச்சுக்கலாம்.”

அப்படியே ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. மாதத்தில் பத்து நாள் டப்பாக்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். மிச்ச நாளில் இரண்டு இரண்டாக இறங்கும். மேலே ஏற்றுவதும் இறக்குவதும் அக்காதான். விருந்தாளி வருகிறார் என்றால் அழுக்குத் துணியையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாளே, அதே கை, அதே வேகம். சோதனை அறையில் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்பார்: “வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?”

“இல்ல சார்” என்பார் மாஸ்டர். அது பொய்யில்லை. அது மருந்தில்லை, உணவு என்று லீடரே சொல்லியிருக்கிறாரே.

“வெரி குட். அதே டோஸ்.”

எண் ஒரு மாதம் இரண்டு புள்ளி ஏழு. அடுத்த மாதம் இரண்டு புள்ளி எட்டு. அந்த இரண்டு புள்ளி எட்டைப் பார்த்ததும் இயற்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ரிப்போர்ட்டைச் சட்டம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டான். மாஸ்டரே நல்ல தங்க நிறப் பட்டையாகப் பார்த்து எடுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் போனான். ‘நெஞ்சுல இரும்பு வால்வு. நம்ம டப்பா மூணும் சாப்பிடறாரு. ரிப்போர்ட்டப் பாருங்க.’ பார்த்தவர்கள் டப்பா விற்கிற திட்டத்தில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் வேறு ஆட்களிடம் காட்டினார்கள். மாஸ்டரின் ரத்தம் அவருக்குத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்வந்தது.

இதற்கு நடுவில் அந்த ரத்தம் கடையிலும் கொஞ்சம் நடமாட ஆரம்பித்தது.

முதலில் பல் தேய்க்கும்போது எச்சில் சிவந்தது. “பிரஷ் கெட்டிப்பா” என்று சொல்லிப் பிரஷ்ஷை மாற்றினார்கள். பிறகு முழங்கையில் கருநீலமாக ஒரு திட்டு. “மேசையில இடிச்சிருப்பேன்” என்றார் மாஸ்டர். மேசையை யாரும் மாற்றவில்லை. தேநீரில் தொட்ட பன்னை அவர் கடித்து வைத்தால் வெள்ளையான இடத்தில் பல் வரிசைக்கு ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அக்கா அதைப் பார்ப்பாள். பன்னைத் திருப்பி வைப்பாள்.

ஆனால் சட்டத்தை அவளால் திருப்பி வைக்க முடியவில்லை. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. மேல்தட்டு நாட்களில் விழுந்த கீறல் இரண்டு சட்டத்தில் நின்றது. டப்பா இறங்கிய நாட்களில் மூன்று. அடுத்த மாதம் நாலு. போன வாரம் ஐந்து. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, டப்பாவை இறக்கி வைத்தது யார் என்பது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை ஜட்ஜம்மா கடைக்கு வந்தாள்.

தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவள். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது போல விசாரிப்பாள் என்பதால் அந்தப் பெயர். மருந்து விற்கத் தனக்குத் தகுதி உண்டு என்று சொல்லும் சான்றிதழை அவள் கடைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. காற்றில் அது விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. “கதவச் சாத்துங்க” என்றார் மாஸ்டர். சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ஒரு பத்து நிமிஷம். மாப்ளையோட வேல ஒண்ணு கையில இருக்கு.”

மாப்ளை ஏற்கெனவே உள்ளே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம். பழைய ரிப்போர்ட்டையே கதவளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தான். அதற்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார் மாஸ்டர். மேடையில் ஒரு பக்கம் ரிப்போர்ட் நிற்கும், மறுபக்கம் மாமா நிற்பார் என்பது ஏற்பாடு.

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மாமா. மூச்சு விட்டுட்டு நின்னாப் போதும்.”

“அது வரும் மாப்ளே.”

கண்ணாடி அறுக்கும் டைமண்டால் கோடு இழுத்து, விளிம்பைப் பிடித்து மடக்கியபோது கண்ணாடி நேராகத்தான் உடைந்தது. விரல்தான் கோட்டுக்கு வந்திருந்தது. ஆள்காட்டி விரலில் சின்னக் கீறல். மாஸ்டர் டேப் கிழித்துச் சுற்றினார். அக்கா அடுத்த சட்டத்தை எடுத்து மூலை அடிக்கத் தொடங்கினாள்.

ஒன்று முடிந்தது. இரண்டாவது முடிந்தபோது டேப் சிவந்திருந்தது. மூன்றாவதில் வேறு டேப். நாலாவதில் ஜட்ஜம்மா பத்திரிகையை மடித்து வைத்தாள். ஐந்தாவது சட்டத்தின் இரண்டாம் மூலையில் படத்தைச் சுற்றி வைக்கிற வெள்ளை மவுண்ட் அட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. “அட்ட போச்சே” என்றான் இயற்கை. ஆறாவது முடியும்போது அக்காவின் சுத்தியல் தானாகவே மெல்ல இறங்கியது. ஏழாவதின் கடைசி ஆணியை அடித்துவிட்டு உதட்டில் மிச்சமிருந்த ஆணிகளைக் கையில் துப்பினாள்.

“எவ்வளவு நேரமா வருது?” என்றாள் ஜட்ஜம்மா.

“ஏழு சட்டம்.”

“நிமிஷத்துல சொல்லுங்க.”

“நிமிஷம் தெரியாது. போன வருஷமெல்லாம் ரெண்டு சட்டம். போன வாரம் அஞ்சு. இன்னிக்கு ஏழு முடிஞ்சும் நிக்கல.”

ஜட்ஜம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “என் நாப்பது வயசுக்கு இவ்வளவு தெளிவா ஒரு கணக்கு நான் கேட்டதில்ல. மாஸ்டர், ரத்தம் கட்டாம இருக்க மாத்திர போடறீங்களா?”

“ஆமாங்க. வால்வு வச்சிருக்கு. மாத்திர ஆஸ்பத்திரியிலயே குடுத்துடறாங்க.”

“வேற மருந்து?”

“வேற மருந்து எதுவும் இல்லைங்க.”

எல்லா டாக்டரும் அந்த இடத்தில்தான் ‘வெரி குட்’ சொல்வார்கள். ஜட்ஜம்மா சொல்லவில்லை.

“மருந்துன்னு நான் கேக்கல. வாய்க்குள்ள என்னென்ன போகுது, அதச் சொல்லுங்க.”

மாஸ்டர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கண்ணாடியைப் பார்த்தான். அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். மூன்று டப்பாக்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மவுண்ட் அட்டையின்மேல், அந்தச் சிவப்புச் சொட்டுக்குப் பக்கத்தில், வரிசையாக வைத்தாள்.

“அக்கா, அத எதுக்கு இப்ப...”

“ஒக்காருடா.”

டப்பாவின் பின்பக்க எழுத்து எறும்புக்கு மட்டும் படிக்கத் தெரிந்த எழுத்து. தூசி பார்க்கக் கடையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கி ஜட்ஜம்மா படித்தாள். “பூண்டுச் சத்து. எத்தன பல்லுப் பூண்டு ஒரு குளிகைக்குன்னு போட்டிருக்கான் பாருங்க, ஒரு கல்யாணச் சமையலுக்கு ஆகும். இதுல மஞ்சள் சத்து. இதுல மீன் எண்ணெய், கூட என்னமோ ஒரு இலை. மூணும் அந்த மாத்திரை செய்யற வேலைக்குக் கை குடுக்கற சாமான். தனித்தனியாச் சமையல்ல கொஞ்சம் போனா ஒண்ணுமில்ல. இப்படிப் பிழிஞ்சு உருட்டி மூணு வேள போட்டா?”

“மேடம், இது இயற்கை” என்றான் இயற்கை.

“அவரு போடற மாத்திரை எதுல இருந்து வந்துச்சுன்னு தெரியுமா தம்பி? அழுகின புல்லு. அதத் தின்ன மாடெல்லாம் ரத்தம் நிக்காமச் செத்துச்சு. ஏன்னு தேடிப் போய்த்தான் அந்த மருந்தக் கண்டுபிடிச்சாங்க. புல்லு இயற்கைதான். மாடும் இயற்கைதான். செத்ததும் இயற்கையாத்தான்.”

“நாங்க ரெண்டு மணி நேரம் இடைவெளி விடறோம்.”

“ரத்தத்துல தனித்தனி வரிசையா நிக்குது?”

இயற்கைக்கு அதற்குப் பதில் லீடரிடம்தான் இருந்தது. கையில் இருந்ததை எடுத்தான். துணியைப் பிரித்து, தங்கச் சட்டம் போட்ட ரிப்போர்ட்டை நீட்டினான். “இதுக்கு என்ன சொல்றீங்க? ரெண்டு புள்ளி எட்டு. போன மாசம்தான் எடுத்தது.”

ஜட்ஜம்மா வாங்கிப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் குழப்பம் வந்தது. “நல்லாத்தானே இருக்கு” என்றாள் மெதுவாக.

இயற்கை கால்மேல் கால் போட்டுக்கொண்டான். மாஸ்டர் புது டேப் சுற்றிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் பழையபடியே நடந்திருக்கும். ஜட்ஜம்மா சான்றிதழை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாமா மேடையில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றிருப்பார்.

“அது பத்து நாள் நிறுத்திட்டு எடுத்தது” என்றாள் அக்கா.

“என்னது?”

“ஒவ்வொரு சோதனைக்கும் பத்து நாள் முன்னாடி டப்பாவ மேல வச்சிருவேன். முடிஞ்சதும் எறக்கிருவேன். ரெண்டு ரெண்டாப் போடுவாரு. நான்தான் வச்சேன். நான்தான் எறக்கினேன்.”

ஜட்ஜம்மா ரிப்போர்ட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “அப்ப அந்த டாக்டர் இத்தன மாசமா யாரு ரத்தத்தப் பாத்துட்டு இருந்தாரு?”

மாஸ்டரின் நெஞ்சுக்குள் இருந்து ‘டிக், டிக்’ என்று கேட்டது.

“இன்னிக்கே போங்க. இப்பவே. டப்பா மூணையும் கையில எடுத்துட்டுப் போங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா கூட்டாதீங்க, அத அவங்க சொல்லுவாங்க. எங்கயாவது விழுந்து தலையில அடிபட்டாருன்னா எத்தன சட்டம் அடிச்சாலும் நிக்காது.”

“இப்ப போனா எப்படி?” இயற்கை எழுந்துவிட்டான். “ஒடம்பு சுத்தமா இல்லாதப்ப எடுத்தா எண் தப்பாத்தான் வரும். ஞாயித்துக்கிழம முடியட்டும். திங்கக்கிழம நிறுத்திட்டு, பத்து நாள் கழிச்சு நானே கூட்டிட்டுப் போறேன்.”

“மாப்ளே சொல்றதும்...” என்று மாஸ்டர் இழுத்தார். “ஆயிரம் பேர் வர்ற கூட்டம். வாக்குக் குடுத்துட்டேன். நாலு நாளுதானே. நமக்காக ஒம்போது ராத்திரி...”

அக்கா சுத்தியலை எடுத்தாள். அடிக்கவில்லை; கையில் வைத்துக்கொண்டாள்.

“ஏழு அடிச்சுட்டேங்க. எட்டாவது சட்டம் உங்க படத்துக்கு அடிக்கணுமா?”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் தன்னிடம் வந்த இறந்தவர் படங்கள் எத்தனை, அவற்றுக்கு எந்த அகலத்தில் பட்டை போடுவது வழக்கம் என்பது அவருக்கு அத்துப்படி. எழுந்து சட்டையை மாட்டினார். ஒரு கை உயரத் தூக்கியபடியே பொத்தான் போட வரவில்லை, அக்கா போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எண் ஏழு புள்ளி இரண்டு வந்தது. அத்தனை விலையுள்ள கருவி, கடைசியில் அக்காவின் கணக்குக்கே வந்து சேர்ந்தது.

“மாசா மாசம் கேட்டேன்ல, வேற மருந்து எடுக்கறீங்களான்னு” என்று டாக்டர் பாய்ந்தார்.

“மருந்துன்னுதான் கேட்டீங்க” என்றாள் அக்கா, டப்பாக்களை அவர் மேசையில் வைத்தபடி. “அதுவும் கம்ப்யூட்டரக் கேட்டீங்க.”

டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாக மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். தாடி வைத்திருக்கிறார் என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்கலாம். மூன்று நாள் படுக்கையில் வைத்து, மாத்திரையை நிறுத்தி, எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மறுபடி மாத்திரை தொடங்கி அனுப்பினார்கள். இந்த மூன்று ராத்திரியும் வராந்தா காலியாக இருந்தது. மச்சினனுக்குக் கூட்டத்து வேலை.

கூட்டம் மாமா இல்லாமலே நடந்தது. எப்படி நடந்தது என்பதைச் சலூன்காரர் வந்து சொன்னார்.

“அக்கா, மாஸ்டர் டப்பாவ நிறுத்தினதாலதான் ஆஸ்பத்திரியில படுத்துட்டாராமே? ‘ஒரு நாள் நிறுத்தினார், அன்னிக்கே படுத்துட்டார். யோசிச்சுப் பாருங்க’ன்னு உங்க தம்பி மேடையிலயே அழுதானாம். அன்னிக்கு மட்டும் அறுவது பேர் சேர்ந்தாங்களாம். என் சகலையும் அதுல ஒருத்தன். அவனுக்கும் நெஞ்சுக்கு மாத்திர ஓடுது.”

அன்று மத்தியானமே அக்கா ஒரு மவுண்ட் அட்டை எடுத்து, உள்ளே வைக்கும் தாள் தெரிவதற்கு அதில் இரண்டு ஜன்னல் வெட்டினாள். மூலை அடிக்கிறவள் ஜன்னல் வெட்டுவதில்லை. கை கொஞ்சம் கோணியது. இடது ஜன்னலில் பழைய இரண்டு புள்ளி எட்டு. அடியில் தன் கையெழுத்தில்: ‘டப்பாவை மேலே வைத்துவிட்டு எடுத்தது.’ வலது ஜன்னலில் ஏழு புள்ளி இரண்டு. அடியில்: ‘டப்பாவைத் தின்றுகொண்டிருக்கும்போது எடுத்தது. இரண்டிலும் அதே ஆள், அதே ரத்தம்.’ அதற்கும் கீழே பொடியாக: ‘நீங்கள் எது தின்றாலும் மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தின்னவும்.’ மாஸ்டர் கண்ணாடி வெட்டிக் கொடுத்தார், கேள்வி கேட்காமல். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில், மற்ற மாதிரிச் சட்டங்களுக்கு நடுவில் மாட்டினாள்.

ஜனம் நின்று படித்தது. சலூன்காரர் தன் சகலையைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்து படிக்க வைத்தார். ஜட்ஜம்மா கடையில் டப்பாவோடு வந்து நிற்கிறவர்களின் வரிசை உருவானது. அவள் வழக்கம்போல எல்லாரையும் திட்டினாள்.

நாலாம் நாள் இயற்கை வந்தான். கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு வந்து, மாஸ்டருக்கு எதிரில் உட்கார்ந்தான். புழுதி அவனுக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்தது. சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்று அக்கா வாயிலிருந்த ஆணியை எடுத்துத் தயாரானாள். ஆனால் அவனிடம் கோபத்தின் சாயலே இல்லை.

“நல்லாப் பண்ணியிருக்க அக்கா. ஃபினிஷிங் சூப்பர். ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்க.”

“முழுசா வேண்டாம். இடது பக்கம் மட்டும்.”

போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். வலது பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எடுத்தான். கண்ணாடியில் வெயில் விழுந்து அவன் முகமே வந்தது. குனிந்து எடுத்தான், நெற்றி வந்தது. பக்கவாட்டில் நின்று எடுத்தான்; எதிர்க் கடைச் சலூன்காரர் வந்தார், சிரித்துக்கொண்டு.

மாஸ்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணாடியை மடக்கினார். கட்டைவிரலில் கீறல். டேப் சுற்றினார். அக்கா சட்டத்தை எடுத்தாள். ஜன்னலிலிருந்து திரும்பிய இயற்கையும் சேர்ந்து மூன்று பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். ஒன்று முடிந்தது. இரண்டாவதின் நாலாம் மூலையில் மாஸ்டர் டேப்பைப் பிரித்தார். காய்ந்திருந்தது.

“பாத்தீங்களா மாமா” என்றான் இயற்கை, மனசார. “நின்னுருச்சு. நம்ம டப்பாவோட பலன் நிறுத்தின பிறகும் ஆறு மாசம் ஒடம்புல இருக்கும்.”

மாஸ்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வெட்டி வைத்த கண்ணாடிமேல் படிந்திருந்த புழுதியை ஊதினார்.

“மாப்ளே. கதவச் சாத்து.”

அக்காவின் சுத்தியல் நின்றது. இயற்கைக்கு யாரிடம் சொல்கிறார் என்றே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மாஸ்டர் நிமிரவில்லை. அடுத்த கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டே சொன்னார்.

“வெளியில இருந்து.”